நிமோகாக்கல் தடுப்பூசி: யாருக்கு, எப்போது, எந்த வரிசையில்

ஆறாவது வாரத்தில் குழந்தையின் வலது தொடையில் போடுவது நிமோனியா ஊசி என்று இன்று பெரும்பாலான தாய்மார்களுக்குத் தெரியும். அதே வீட்டில் இருபது வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கும் அதே கிருமிக்கு எதிரான ஊசி வேண்டும் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் இரண்டு வகை ஊசிகளில் எதை முதலில் போடுவது, எத்தனை நாள் இடைவெளி விடுவது என்பதில் தடுமாறிப்போகிறார்கள். தடுப்பூசி வீணாவது பெரும்பாலும் மருந்தின் குறையால் அல்ல. தாமதமாகத் தொடங்குவது, வரிசை மாறுவது, முன்பு போட்டதைக் குறித்து வைக்காதது, இந்த மூன்றால்தான்.

எந்தக் கிருமி, எதற்கு இத்தனை வகை ஊசி

நிமோகாக்கஸ் என்பது மூக்குக்கும் தொண்டைக்கும் பின்னால் சத்தமில்லாமல் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. சிறு குழந்தைகளின் மூக்கில்தான் இது அதிகம் தங்கும். அங்கிருந்து இருமல், தும்மல், முத்தம் வழியாக வீட்டுப் பெரியவர்களுக்குப் போகும். பலருக்கு ஒன்றும் செய்யாது. எதிர்ப்பு குறைந்த உடம்பில் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா, ரத்தத்தில் கலந்தால் செப்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான ரத்தத் தொற்று, மூளை உறைக்குப் போனால் மூளைக்காய்ச்சல். குழந்தைகளுக்கு வரும் காதில் சீழுக்கும் பல நேரம் இதுவே காரணம். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு. அதற்கு வேறு ஊசி. பெயர் ஒன்றாக இருப்பதால் 'மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாச்சே' என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு.

இந்தக் கிருமியைச் சுற்றி ஒரு சர்க்கரை உறை இருக்கிறது. உறையின் அமைப்பை வைத்து நூறு வகைக்கு மேல் பிரித்திருக்கிறார்கள். தடுப்பூசி இந்த உறையை அடையாளம் காட்டித்தான் உடம்பைப் பழக்குகிறது. ஒரு முறை நிமோனியா வந்து பிழைத்தவருக்கும் ஊசி தேவைப்படுவது இதனால்தான். வந்தது ஒரு வகை என்றால், மற்ற வகைகளுக்கு உடம்பு இன்னும் புதிதுதான்.

ஊசி இரண்டு குடும்பம். முதலாவது இணைப்பு வகை. நர்ஸ், டாக்டர் எல்லாரும் பி.சி.வி என்பார்கள். இதில் சர்க்கரை உறையை ஒரு புரதத்தோடு இணைத்திருப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்புக்குத் தனிச் சர்க்கரையை எதிரி என்று சரியாக அடையாளம் காணத் தெரியாது. புரதம் சேர்ந்தால் தெரியும், நினைவிலும் வைத்துக்கொள்ளும். பி.சி.வி-க்குப் பின்னால் வரும் எண், அதில் எத்தனை வகைக் கிருமிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைச் சொல்லும்: 10, 13, 14, 15, 20. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் நிமோசில் 10 வகை. ப்ரெவ்னார் 13 தனியார் கிளினிக்குகளில் பல வருடமாகப் பழக்கத்தில் உள்ளது. ஹைதராபாத்தின் பயாலஜிகல் ஈ நிறுவனத்துடையது 14 வகை.

இரண்டாவது குடும்பம் வெறும் சர்க்கரை உறை மட்டும் உள்ள பி.பி.எஸ்.வி 23. நிமோவாக்ஸ் 23 என்ற பெயரில் வருவது இதுதான். 23 வகைக்குப் பாதுகாப்பு தந்தாலும் நினைவை உருவாக்காது, சில ஆண்டுகளில் பலம் குறைந்துவிடும். இரண்டு வயதுக்குக் கீழே இதைப் போடவே கூடாது. போட்டாலும் பலன் இல்லை. எண் பெரிதாக இருக்கிறதே என்று 23-ஐயே முதலில் கேட்பது பரவலான தவறு. அதை முதலில் போட்டுவிட்டால் பின்னால் போடும் பி.சி.வி-க்கு உடம்பு மந்தமாகவே பதில் தரும்.

குழந்தைக்கு: அரசு அட்டவணை

இந்தியாவில் பி.சி.வி 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதும் தேசியத் தடுப்பூசி அட்டவணைக்கு வந்தது. முழுக்க இலவசம். மூன்று தவணை: ஆறு வாரம் முடிந்ததும், 14 வாரம் முடிந்ததும், ஒன்பது மாதம் முடிந்ததும். மூன்றாவதை பூஸ்டர் என்பார்கள். ஒவ்வொரு முறையும் 0.5 மி.லி., வலது தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில், தசைக்குள்.

பத்தாவது வாரத்தில் இந்த ஊசி கிடையாது. அன்றைக்கு பெண்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி, சொட்டு மருந்துகள் மட்டும்தான். 'பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பத்தாவது வாரமும் போட்டார்களே' என்றால் அந்தக் குழந்தை தனியாரில் போட்டிருக்கும். அங்கே அட்டவணை வேறு, கீழே சொல்கிறோம்.

தேதியைக் கணக்குப் போடுவதில்தான் பலருக்குக் குழப்பம். ஒரு உதாரணம் பார்ப்போம். 2025 ஜனவரி 1, புதன்கிழமை பிறந்த குழந்தை. ஆறு வாரம் என்றால் 42 நாள்: பிப்ரவரி 12. பதினான்கு வாரம் என்றால் 98 நாள்: ஏப்ரல் 9. ஒன்பது மாதம் முடிவது அக்டோபர் 1. மூன்றுமே புதன்கிழமை. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் ஊசி போடும் நாளும் புதன்தான். வாரக் கணக்கில் பிறந்த கிழமையே திரும்பத் திரும்ப வரும் என்பதை நினைவில் வைத்தால் நாட்காட்டி இல்லாமலே சொல்லிவிடலாம். உங்கள் குழந்தை வெள்ளிக்கிழமை பிறந்திருந்தால் ஆறு வாரம் வெள்ளிக்கிழமை முடியும். அதற்கு அடுத்து வரும் புதன் போதும். முன்னால் உள்ள புதனுக்கு அவசரப்பட்டுப் போக வேண்டாம், ஆறு வாரம் முடிந்திருக்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மாதத்தைக் குறைத்துக் கணக்குப் போடக் கூடாது. பிறந்த தேதியிலிருந்தே ஆறு வாரம். எடை குறைவு, இன்குபேட்டரில் இருந்தது என்பதெல்லாம் தள்ளிப்போடக் காரணம் இல்லை. உண்மையில் இந்தக் குழந்தைகளுக்குத்தான் நிமோனியா கடுமையாக வரும். குழந்தை இன்னும் மருத்துவமனையில் இருந்தால், உடல்நிலை நிலையாக இருக்கும்போது அங்கேயே போடச் சொல்லிக் கேளுங்கள்.

தவறிவிட்டால்

அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்குப் போனது, வேலைக்காக ஊர் மாறியது, குழந்தைக்குக் காய்ச்சல் என்று திரும்பி வந்தது, இப்படித்தான் தவறும். விட்டுப்போன ஊசிக்காக முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டும்.

அரசு அட்டவணையில் ஒரு கோடு மட்டும் கறாரானது: முதல் ஊசி ஒரு வயது நிறைவதற்குள் போட்டிருக்க வேண்டும். ஒரு ஊசியாவது முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டிருந்தால், மீதியை அதற்குப் பிறகும் குறைந்தது எட்டு வார இடைவெளியில் போட்டு முடித்துக்கொள்ளலாம். ஐந்தாவது மாதம் முதல் ஊசி போட்ட குழந்தைக்கு ஏழாவது மாதம் இரண்டாவது, ஒன்பது மாதமும் முடிந்து, இரண்டாவது ஊசியிலிருந்து எட்டு வாரமும் ஆனதும் பூஸ்டர். பதினொன்றாவது மாதம்தான் ஆரம்பித்தது என்றால் பதின்மூன்றாவது மாதம், பதினைந்தாவது மாதம் என்று நகரும். ஒரு வயது வரை ஒன்றுமே போடாத குழந்தைக்கு இந்தத் திட்டத்தில் பி.சி.வி கிடையாது. தனியாரில்தான் போட்டாக வேண்டும். பத்து மாதக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு 'அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மூன்றே ஊசி உள்ள இந்த அரசு அட்டவணையில் எட்டு வாரத்துக்கு முன்னால் போட்டால் என்ன ஆகும்? உடம்பு முந்தைய ஊசிக்கே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும், அடுத்ததற்கு முழுப் பலன் வராது. தாமதமானால் அப்படி இல்லை. நினைவு அழிந்துவிடாது. அந்த இடைப்பட்ட நாட்களில் பாதுகாப்பு குறைவு, அவ்வளவுதான்.

தனியார் கிளினிக்கில் போடுபவர்களுக்கு

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அட்டவணையில் ஆறு, பத்து, பதினான்கு வாரம், பிறகு 12 முதல் 15 மாதத்துக்குள் பூஸ்டர். ஆக நான்கு ஊசி. அரசின் மூன்று ஊசி குறைந்தது, தனியாரின் நான்கு உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு, பூஸ்டரோடு முடித்த மூன்று ஊசி முழுமையான அட்டவணைதான். பூஸ்டரை விட்டுவிட்டால் இரண்டுமே அரைகுறை. முதல் ஊசிகளில் கிடைக்கும் எதிர்ப்பு சில மாதங்களில் இறங்கும், அதை நீண்ட காலத்துக்கு உறுதிப்படுத்துவது பூஸ்டர். அதிகம் தவறவிடப்படுவதும் அதுதான், ஏனென்றால் ஒன்பதாவது மாதத்துக்குள் குழந்தை தவழ்ந்து, தாய் வேலைக்குத் திரும்பி, கவனம் வேறு பக்கம் போய்விடும்.

தாமதமாக ஆரம்பிப்பவர்களுக்கு எண்ணிக்கை குறையும். 7 முதல் 11 மாதத்துக்குள் தொடங்கினால் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு, ஒரு வயதுக்குப் பிறகு பூஸ்டர் ஒன்று. 12 முதல் 23 மாதத்துக்குள் என்றால் எட்டு வார இடைவெளியில் இரண்டு மட்டும். இரண்டு வயது தாண்டி ஐந்து வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றே போதும். ஐந்து வயது தாண்டிய ஆரோக்கியமான குழந்தைக்குப் பொதுவாகத் தேவையில்லை.

ஒரே கம்பெனி மருந்தையே கடைசிவரை போடுவது நல்லது. ஊர் மாறி, அங்கே அது இல்லை, அல்லது முதலில் எது போட்டார்கள் என்றே தெரியவில்லை என்றால், கிடைக்கிற பி.சி.வி-யைப் போடுங்கள். அதே பெயர் வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் நஷ்டம்.

கூடுதல் கவனம் வேண்டிய குழந்தைகள்

கீழே சொல்லும் நோய்கள் உள்ள குழந்தைகளுக்கு பி.சி.வி-யோடு நிற்காது. இரண்டு வயது முடிந்ததும், கடைசி பி.சி.வி-க்கு எட்டு வாரம் கழித்து, பி.பி.எஸ்.வி 23-ம் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் மண்ணீரல் வேலை செய்யாதவர்களுக்கும் ஐந்து ஆண்டு கழித்து இன்னொன்று.

மண்ணீரல்தான் ரத்தத்தில் ஓடும் இந்தக் கிருமியை வடிகட்டும் உறுப்பு. அது இல்லாத உடம்பில் நிமோகாக்கஸ் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் உள்ள குழந்தைக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே மண்ணீரல் சுருங்கிச் செயலிழக்கும். நீலகிரி மலைவாழ் மக்களிடையே இந்த நோய் இருப்பதை 1952-லேயே பதிவு செய்தார்கள். இந்தியாவில் முதல் பதிவு அதுதான். அங்குள்ள இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இந்த நோய் இருப்பது தெரிந்தால், குழந்தையின் ஊசி அட்டையில் பி.சி.வி வரிசை நிரம்பியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஊசி போட்டாலும் டாக்டர் எழுதிய பெனிசிலினை நிறுத்தக் கூடாது. ஊசியில் இல்லாத வகைகளும் உண்டு. இந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிறுநீரில் புரதம் போய் முகம் வீங்கும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் அடுத்த கூட்டம். இவர்களுக்கு வீக்கம் வடிந்து, ஸ்டீராய்டு அளவு குறைந்திருக்கும் நேரம் நல்ல நேரம். ஒரு கிலோ எடைக்கு 2 மி.கி. வீதமோ, நாளொன்றுக்கு 20 மி.கி.-யோ, அதற்கு மேலோ ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கும்போது ஊசி போட்டால் ஆபத்து இல்லை, ஆனால் பலன் குறையும். அடிக்கடி நோய் திரும்புகிற குழந்தைக்கு அந்த நல்ல நேரம் வரவே வராது என்றால், காத்திருப்பதைவிடப் போடுவதே மேல் என்று டாக்டர் முடிவு செய்வார்.

பிறவியிலேயே காது கேளாமல் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்போகும் குழந்தைக்கு அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பி.சி.வி போட்டு முடித்திருப்பது நல்லது. உள்காதில் வைக்கும் கருவி வழியாகக் கிருமி மூளை உறைக்குப் போக வழி உண்டு. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, ஊசி போடவில்லை என்றால் இப்போதாவது போடுங்கள்.

பிறவி இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், எச்.ஐ.வி., புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, தலையில் அடிபட்டு மூக்கு வழியாக மூளைத் தண்ணீர் கசிவது ஆகியவையும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

பெரியவர்களில் யாருக்கு

நம் தேசிய அட்டவணையில் பெரியவர்களுக்கான இலவச நிமோகாக்கல் ஊசி இல்லை. டாக்டர் சீட்டோடு சொந்தச் செலவில் போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் யாருக்கு உண்மையிலேயே அவசியம் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

65 வயது தாண்டிய எல்லாருக்கும், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமெரிக்காவில் இந்த வயதை 2024 அக்டோபரில் 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். நம் ஊரில் ஐம்பதைத் தாண்டும்போதே சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்துவிடுவதைப் பார்க்கையில், ஐம்பதிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுவது சரியென்றே தோன்றுகிறது.

வயது குறைவாக இருந்தாலும் போட வேண்டியவர்கள்: சர்க்கரை நோய், இதயம் பலவீனமானவர்கள், ஆஸ்துமா, புகையால் நுரையீரல் கெட்டவர்கள், கல்லீரல் சுருக்கம், தினமும் குடிப்பவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள். ரத்தக் கொதிப்பு மட்டும் இருந்தால் இந்தப் பட்டியலில் வராது. இன்னும் அவசரம் யாருக்கென்றால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், ரத்தப் புற்றுநோய், எச்.ஐ.வி., மூட்டு வாதத்துக்கோ வேறு நோய்க்கோ எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், மண்ணீரல் எடுத்தவர்கள்.

விபத்தில் மண்ணீரல் எடுத்ததைப் பலர் பத்து வருடம் கழித்து மறந்தே போயிருப்பார்கள். பைக் விபத்தில் வயிறு திறந்து ஆபரேஷன் ஆனவர் வீட்டில் இருந்தால் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் மண்ணீரல் நீக்கப்பட்டது என்று எழுதியிருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் இந்த ஊசி இன்னும் பாக்கிதான்.

வரிசையும் இடைவெளியும்

எளிய வழி பி.சி.வி 20. கிடைத்தால் ஒரே ஊசி, வேலை முடிந்தது. 23 தேவையில்லை. ஏற்கனவே பி.சி.வி 13 போட்டு, 23 போடாமல் இருப்பவரும் ஒரு வருடம் கழித்து 20-ஐப் போட்டு முடித்துக்கொள்ளலாம்.

பி.சி.வி 13 அல்லது 15 போட்டால் அதன் பின்னால் பி.பி.எஸ்.வி 23 வர வேண்டும். சாதாரண எதிர்ப்பு உள்ளவருக்கு இடையில் ஒரு வருடம். எதிர்ப்பு குறைந்தவர், மண்ணீரல் இல்லாதவர், காக்ளியர் கருவி உள்ளவர், மூளைத் தண்ணீர் கசிவு உள்ளவர் என்றால் எட்டு வாரம் போதும், ஏனென்றால் அவர்களால் ஒரு வருடம் காத்திருக்க முடியாது. இரண்டையும் ஒரே நாளில் போடவே கூடாது. தெரியாமல் 23-ஐ முதலில் போட்டுவிட்டவர் ஒரு வருடம் பொறுத்து பி.சி.வி போட வேண்டும். போனது போகட்டும் என்று விட்டுவிட வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ள 62 வயதுக்காரர் ஒருவர் 2025 ஜூன் 10 அன்று பி.சி.வி 13 போட்டுக்கொள்கிறார் என்று வையுங்கள். 2026 ஜூன் 10 அல்லது அதற்குப் பிறகு 23. அப்போது அவருக்கு வயது 63. அறுபத்தைந்துக்கு முன் போட்ட 23 என்பதால் இன்னொன்று பாக்கி: 65-ம் தாண்டியிருக்க வேண்டும், முந்தையதிலிருந்து ஐந்து ஆண்டும் ஆகியிருக்க வேண்டும். ஆக 2031 ஜூன். அதோடு சரி. இதே மனிதர் 66 வயதில் தொடங்கியிருந்தால் ஒரு பி.சி.வி, ஒரு வருடம் கழித்து ஒரு 23, அத்துடன் முடிந்திருக்கும். ஃப்ளூ ஊசி மாதிரி இது வருடா வருடம் போடும் ஊசி இல்லை. 'போன வருடம் போட்டேனே, இந்த வருடமும் போடுங்கள்' என்று கேட்டு வாங்கிப் போடுவதால் கை வலிதான் மிச்சம்.

ஃப்ளூ ஊசியோடு சேர்த்து ஒரே நாளில், வேறு வேறு கையில் போடலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இரண்டையும் முடித்துவிடுவது நல்லது. ஃப்ளூ வந்து தேறும் நேரத்தில்தான் நிமோகாக்கஸ் உள்ளே நுழையும். மெனாக்ட்ரா என்ற மெனிஞ்சோகாக்கல் ஊசியை (மூளைக்காய்ச்சல் தரும் வேறொரு கிருமிக்கானது) மட்டும், மண்ணீரல் இல்லாதவருக்கும் எச்.ஐ.வி. உள்ளவருக்கும், பி.சி.வி முடிந்து நான்கு வாரம் கழித்தே போட வேண்டும். சேர்த்துப் போட்டால் நிமோகாக்கல் ஊசியின் பலன் குறையும்.

சிகிச்சைக்கு முன்னால்

மண்ணீரலை எடுக்கத் திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பு. அவசரமாக எடுத்துவிட்டால் இரண்டு வாரம் கழித்து. நோயாளி மறுபடி வரமாட்டார் என்று தோன்றினால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே போட்டுவிடலாம். கீமோதெரபி தொடங்கவும் இரண்டு வாரம் முன்பு. ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துக்கு இது இன்னும் முக்கியம்: அது உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாக்கும் செல்களையே அழித்துவிடுவதால், போட்ட பிறகு ஆறு மாதத்துக்கு எந்தத் தடுப்பூசியும் சரியாக எடுபடாது. சிறுநீரக நோயில் கிரியேட்டினின் என்ற ரத்தக் கழிவு ஏற ஏற ஊசிக்கு வரும் பதில் இறங்கும். டயாலிசிஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் முன்னாலேயே போட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு பி.சி.வி-யை உடனே போடலாம். 23-ஐ மட்டும், எச்.ஐ.வி.-யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையால் சி.டி.4 என்ற எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டும் வரை தள்ளிவைப்பது பலன் தரும்.

கர்ப்பிணிகளுக்கு இதை வழக்கமாகப் போடுவதில்லை. நோய் உள்ள பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

ஊசி போடும் நாள்

பி.சி.வி மருந்து குப்பியை அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. மருந்தோடு சேர்ந்த அலுமினிய உப்புதான் அப்படி இறங்கியிருக்கிறது. நர்ஸ் அதை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்கியதும் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒரே சீராக வெண்மையாக வர வேண்டும். குலுக்காமல் மேலே உள்ள தெளிவை மட்டும் உறிஞ்சிப் போட்டால் பாதி மருந்து குப்பியிலேயே நின்றுவிடும். குலுக்கியும் கட்டி கட்டியாகவோ துகளாகவோ மிதந்தால் அது ஒரு முறை உறைந்துபோன மருந்து, போடக் கூடாது. இந்த ஊசிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். வெயிலைவிட ஃப்ரீசர் இதற்குப் பெரிய எதிரி. மருந்துக் கடையில் வாங்கி கிளினிக்குக்கு எடுத்துப் போகிறவர்கள் ஐஸ் கட்டி மேலேயே மருந்து டப்பாவை வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் மருந்து உறைந்து கெடும். இடையில் துணியோ அட்டையோ வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் நாள் கணக்கில் வைப்பதைவிட, ஊசி போடும் கிளினிக்கிலேயே வரவழைக்கச் சொல்வது பாதுகாப்பானது. பி.பி.எஸ்.வி 23 அப்படி இல்லை, அது நிறமில்லாமல் தெளிவாகவே இருக்கும்.

குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்து, தொடையை மட்டும் நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட்டால் அழுகை குறையும். ஆறாவது வாரம் இடது தொடையில் பெண்டாவேலன்ட்டும் வலது தொடையில் பி.சி.வி-யும் போடுவார்கள். அன்றைக்கு வேறு ஊசியும் சொட்டு மருந்தும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவதால் குழந்தைக்குத் தாங்காது என்பது உண்மை இல்லை. பாதியை அடுத்த வாரத்துக்கு மாற்றச் சொன்னால் அந்த வாரம் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லாமல் போகும்.

பெரியவர்களுக்கு மேல்கையில், தோளுக்குக் கீழே உள்ள தசையில். இடுப்பில் போடக் கூடாது, அங்கே கொழுப்பில் தங்கிவிடும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக் குழாய் இணைப்பு) போட்ட கையை விட்டுவிட்டு மறு கையைக் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணநீர்க் கட்டி எடுத்தவரும் அப்படியே. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். மெல்லிய ஊசி போட்டு, இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் போன்ற கடும் ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வரும், அதற்கான மருந்தும் அங்கே இருக்கும்.

அதற்குப் பிறகு

ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கும், தொட்டால் வலிக்கும், குழந்தை சிணுங்கும், முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சல் இருக்கும். சுத்தமான துணியை நனைத்துக் குளிர்ந்த ஒத்தடம் போதும். எண்ணெய், மஞ்சள், விபூதி, ஐஸ் கட்டி எதையும் ஊசி போட்ட இடத்தில் வைக்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால், ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணிக்கு ஒரு முறை. ஐந்து கிலோ குழந்தைக்கு 50 முதல் 75 மி.கி. வரை. சொட்டு மருந்து, சிரப் இரண்டிலும் மருந்தின் அடர்த்தி வேறு வேறு, பாட்டிலில் உள்ள மி.கி. அளவைப் படித்துவிட்டே கொடுக்க வேண்டும். ஊசிக்கு முன்னாலேயே 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுப்பதைத் தவிருங்கள், அது ஊசிக்கு வரும் எதிர்ப்பைக் குறைக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வலிப்பு, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முந்தைய பி.சி.வி-க்கோ, டிப்தீரியா மருந்து சேர்ந்த வேறு ஊசிக்கோ கடும் ஒவ்வாமை வந்தவருக்கு இதைப் போடக் கூடாது. பி.சி.வி-யில் உள்ள புரதம் பெரும்பாலும் டிப்தீரியா நச்சின் தீங்கற்ற வடிவம்தான். சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது எதுவும் தடை இல்லை. கடும் காய்ச்சலோடு படுத்திருந்தால் மட்டும் தேறியதும் போடலாம்.

ஊசி போட்ட பிறகும் சளி பிடிக்கும், வைரஸ் இருமல் வரும். ஆகவே 'ஊசி வேலை செய்யவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். மூச்சு வாங்கினால், மார்பு உள்ளே இழுத்தால், ஊசி போட்ட குழந்தை என்பதால் தாமதிக்கவும் வேண்டாம்.

கிளம்பும் முன் அட்டையைத் திறந்து பாருங்கள். தாய் சேய் நல அட்டையில் பி.சி.வி என்ற வரிசைக்கு நேரே இன்றைய தேதி எழுதியிருக்க வேண்டும். அடுத்த தேதியையும் பென்சிலில் குறிக்கச் சொல்லுங்கள். அரசின் இணையத் தடுப்பூசிப் பதிவேடான யு-வின் பதிவில் ஏறிவிட்டதா என்றும் கேளுங்கள், வேறு ஊரில் தொடர அது உதவும். பெரியவர்களுக்கு அட்டை கிடையாது. மருந்து டப்பாவின் பெயர், எண், பேட்ச், போட்ட தேதி, எந்தக் கை என்பதைச் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து மகன் அல்லது மகள் போனில் வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து இன்னொரு ஊரில், இன்னொரு டாக்டர், '13 போட்டீர்களா, 23 போட்டீர்களா?' என்று கேட்கும்போது அந்தப் போட்டோதான் பதில் சொல்லும்.